மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு யாரைப் போட்டிருக்கிறீர்கள்? சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சருக்கும், செயலாளருக்கும், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் இயக்குநருக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் அரை நாள் வேலைக்கு, நியாயமான சம்பளத்தில், அதே ஊரிலிருந்து இன்னொரு பெண்ணை நியமியுங்கள். அவர் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் எண்ணும் எழுத்தும் சொல்லித் தரட்டும். அதனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் டீச்சருக்கு மிச்சமாகும் நேரத்தில், எடையும் உயரமும் பின்தங்கிய கைக்குழந்தைகளின் வீடுகளுக்கு அவர் வாரம் தவறாமல் போய், அம்மாவையும் பிள்ளையையும் உட்கார வைத்து விளையாடக் கற்றுத் தரட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதற்குப் பின்னால் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற ஒரு பெண்மணியின் நாற்பது ஆண்டுக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது.

நான் மனையியல் துறையில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். செய்முறைப் பயிற்சிக்காக மாணவிகளை அழைத்துக்கொண்டு பல மாவட்டங்களில் பால்வாடி பால்வாடியாகப் போயிருக்கிறேன். (ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள்.) அதனால் உங்கள் ஊழியர்களின் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இந்த மடலில் எங்கேயாவது அவர்களைக் குறை சொல்வதுபோலத் தோன்றினால், அது என் எழுத்தின் பிழை.

முதலில் நம் மாநிலம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1980இல் இங்கே உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டுப் பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, ஏறியதும் நிறுத்துகிற திட்டம் அது. உலகம் முழுக்க ஊட்டச்சத்துப் படிப்பில் அதை இன்றைக்கும் உதாரணம் காட்டுகிறார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, கலவை சாதம் இருக்கிறது, முட்டை இருக்கிறது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் வயிற்றை நிரப்புகிறது. பல மாநிலங்களுக்கு இதெல்லாம் இன்னும் கனவு.

இவ்வளவும் செய்த பிறகும், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்வது என்ன? தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், அதாவது நான்கில் ஒரு பிள்ளை. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ளவர்களில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய சுற்றில் ரத்தசோகை 50.7ஆக இருந்தது, குறையவேண்டியது கூடியிருக்கிறது. குள்ளமாக இருக்கிற பிள்ளை குள்ளமாக மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. உயரத்தைத் தடுத்த அதே பசியும் நோயும் வறுமையும் அந்தப் பிள்ளையின் பேச்சையும் கவனத்தையும் யோசிக்கும் திறனையும் சேர்த்தே தடுக்கின்றன. இதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவரைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

சாலி கிரந்தம்-மெக்ரெகர் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர். 1960களில் ஜமைக்காவுக்குப் போய், கிங்ஸ்டன் நகரில் இருக்கும் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அங்கே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் கடும் ஊட்டச்சத்துக் குறைவால் கை கால் சூம்பியோ உடம்பு வீங்கியோ கிடந்தவர்கள். மருந்தும் பாலும் கொடுத்தால் எடை ஏறும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மருத்துவமனைக் கணக்கில் பிள்ளை குணமாகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதித்துப் பார்த்தால் பேச்சிலும் செயலிலும் மற்ற பிள்ளைகளைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தார்கள். எடை ஏறியதோடு அது சரியாகவில்லை. அவர் செய்தது மிக எளிய காரியம். வார்டிலேயே பிள்ளைகளோடு விளையாட ஆள் வைத்தார். வீட்டுக்குப் போன பிறகும் மூன்று ஆண்டுகள் அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பி, அம்மாவுக்கு விளையாடக் கற்றுக் கொடுத்தார். அப்படி ஆள் போன வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களை எட்டிப் பிடிக்கத் தொடங்கினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். இதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்து எழுதினார்கள்.

அடுத்த கேள்வி, எத்தனை நாளைக்கு ஒரு முறை போகவேண்டும் என்பது. இது உங்கள் துறைக்கு மிக முக்கியமானது என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கிறிஸ்டின் பவல் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், மாதம் ஒரு முறை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வாரம் ஒரு முறை என்று பிரித்து முயன்று பார்த்தார். 1989இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? மாதம் ஒரு முறை போனதில் பலனே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றால் கொஞ்சம் பலன். வாரம் ஒரு முறை போனால்தான் நல்ல பலன். நம் ஊரில் வீட்டுச் சந்திப்பு என்று பதிவேட்டில் எழுதுகிறோமே, அது பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் நடக்கிறது. போய் நின்று, சத்துமாவு தீர்ந்துவிட்டதா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு, கையெழுத்து வாங்கி வருவதற்கு மாதம் ஒரு முறை போதும். பிள்ளையின் வளர்ச்சிக்குப் போதாது.

அந்த முடிவு அச்சில் வருவதற்கு முன்பே, 1986-87இல் தொடங்கிய ஆய்வுதான் அடுத்தது. வீடு வீடாகப் போய், 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இருந்த, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். நான்கு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் 1 கிலோ பால் மாவு. இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டுச் சந்திப்பு. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும். பால் மாவு கொடுத்த வீடுகளில் மற்ற பிள்ளைகளும் பங்கு கேட்பார்கள், தாய் மனசு கேட்காது என்று தெரிந்து, குடும்பத்துக்குத் தனியாகச் சோள மாவும் பால் பவுடரும் சேர்த்துக் கொடுத்தார்கள். சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போனதும் என்ன ஆகிறது என்று தெரிந்த யாருக்கும் இந்த ஒரு ஏற்பாடே போதும், இவர்கள் ஏழை வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் என்று புரிந்துகொள்ள.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது? போனவர்கள் பட்டதாரிகள் இல்லை. அரசு சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த உள்ளூர்ப் பெண்கள், நம் கிராமச் சுகாதார ஊழியர்களைப் போல. ஒரு பையில் விளையாட்டுச் சாமான் எடுத்துப் போவார்கள், எல்லாம் காலி பிளாஸ்டிக் பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி, கந்தல் துணி இவற்றில் செய்தவை, கையால் வரைந்த படப் புத்தகமும் உண்டு. முதலில் அம்மாவோடு உட்கார்ந்து பேச்சு, போன வாரம் எப்படிப் போனது என்று. பிறகு பாட்டு. பிறகு ஒரு விளையாட்டைத் தானே செய்து காட்டி, அம்மாவைச் செய்யச் சொல்வது. பாட்டிலுக்குள் மூடிகளைப் போட்டு எடுப்பது, அட்டைக் கட்டைகளை அடுக்குவது, படத்தைக் காட்டிப் பெயர் சொல்வது, இவ்வளவுதான். பிள்ளை செய்தால் பிள்ளையைப் பாராட்டவேண்டும், அம்மா செய்தால் அம்மாவையும் பாராட்டவேண்டும், இது கண்டிப்பான விதி. சாமானை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள், அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பார்கள். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது.

இரண்டு ஆண்டு முடிவில், பால் கிடைத்த பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள், விளையாட்டு கிடைத்தவர்களும் முன்னேறியிருந்தார்கள், இரண்டும் கிடைத்தவர்கள்தான் எல்லாரையும்விட முன்னேறியிருந்தார்கள். 1991இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது. வேறு யாராக இருந்தாலும் கட்டுரை வந்துவிட்டது, நிதி முடிந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் போகவில்லை. சாலி, சூசன் வாக்கர், சூசன் சாங், கிறிஸ்டின் பவல் எல்லாருமாக அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 11 வயதில் பார்த்தபோது பாலால் வந்த அறிவு வளர்ச்சியின் பலன் கரைந்து போயிருந்தது, விளையாட்டால் வந்தது நின்றிருந்தது. 17, 18 வயதில் பார்த்தபோது, வீட்டுச் சந்திப்பு கிடைத்தவர்களுக்கு வாசிப்புத் திறன் கூடுதல், பள்ளியை விட்டு நிற்பது குறைவு, மனச்சோர்வும் பதற்றமும் குறைவு. 22 வயதில் வன்முறையில் இறங்குவது குறைவு, சம்பாத்தியம் 25 விழுக்காடு கூடுதல். இதை 2014இல் சயின்ஸ் இதழில் எழுதியவர்களில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் ஒருவர். அந்தச் சுற்றில் 129 பேரில் 105 பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், ஜமைக்காவை விட்டு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போனவர்களைக்கூட விடவில்லை. 31 வயதில் திரும்பவும் பார்த்தார்கள். வருமான வித்தியாசம் 37 விழுக்காடாகக் கூடியிருந்தது.

ஒரு கைக்குழந்தையோடு வாரம் ஒரு மணி நேரம் விளையாடியதன் பலனை அந்தப் பிள்ளை சம்பாதிக்கும் வயதில் கணக்கெடுக்க, முப்பது ஆண்டு காத்திருக்கிற ஆராய்ச்சியாளர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைத் திரித்துவிடக் கூடாது. பாலின் பலன் கரைந்தது என்பதை வைத்து முட்டையையும் சத்துமாவையும் குறைக்கலாம் என்று யாராவது கோப்பு எழுதினால் அது பாவம். பசித்த பிள்ளை விளையாடாது. சாப்பாடு கட்டாயம் வேண்டும், அது மட்டும் போதாது. இரண்டில் ஒன்றை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், மற்றதைக் கொடுக்க ஆளே போடவில்லை.

2007இல் சாலியும் சக ஆய்வாளர்களும் லான்செட்டில் எழுதிய கட்டுரை, வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 20 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்களால் எட்டக்கூடிய வளர்ச்சியை எட்டாமலே போகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. குள்ளத்தன்மை, வறுமை என்ற இரண்டே அளவுகோலை வைத்துப் போட்ட கணக்கு. அந்த எண்ணிக்கையில் இந்தியப் பிள்ளைகள்தான் மிக அதிகம். பிறகு அந்த ஜமைக்கா முறை வங்கதேசம், கொலம்பியா, பெரு என்று போயிற்று. நம் நாட்டில் ஒடிசாவுக்கும் வந்தது, கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளிலும் ஒடிசாவின் கிராமங்களிலும். கிராமங்களில் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது, அதில் முதல் பெயர் சாலியுடையதுதான். வீடு வீடாகப் போவதோடு, தாய்மார்களைக் குழுவாக உட்கார வைத்து இதையே செய்தால் என்ன என்றும் அதில் பார்த்தார்கள். குழுவிலும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது, செலவோ பல மடங்கு குறைவு. எழுபது வயதுக்குப் பிறகும் ஓர் ஆராய்ச்சியாளர் தன் பேர் பெற்ற முறையைவிட மலிவான முறை இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கிறார் பாருங்கள், எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்லமாட்டேன். 129 பிள்ளைகள் என்பது சின்ன எண்ணிக்கை. அரசாங்கமே பெரிய அளவில் நடத்தும்போது பலன் மெலிந்துபோகிறது. கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் செய்தார்கள், திட்டம் முடிந்தபோது பலன் தெரிந்தது, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் காணோம். திட்டத்தை வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். என் பார்வையில் இது வேறு பாடம் சொல்கிறது. போகிற பெண்ணுக்குப் பயிற்சியும், அவரைக் கூடவே போய்ப் பார்த்துத் திருத்த நல்ல மேற்பார்வையாளரும், ஆரம்பித்ததைப் பாதியில் விடாத பொறுமையும் இல்லாவிட்டால் ஜமைக்கா முறை என்று பெயர் வைத்தால் மட்டும் பிள்ளை வளராது.

சரி, இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் வட மாவட்டம் ஒன்றில் நான் போன ஒரு மையத்தைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். காலை பத்து மணி. டீச்சர் ஒரு கையில் செல்போனோடு, அங்கன்வாடிகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் வருகைப் பதிவு ஏற்றிக்கொண்டிருக்கிறார், சிக்னல் இல்லாததால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். ஆயா அடுப்படியில் இருக்கிறார். இருபதுக்கு மேல் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், கொஞ்சம் பெரிய பிள்ளை ஒன்றுதான் வாத்தியார். பக்கத்து மையத்தில் டீச்சர் பணியிடம் காலி, அதனால் அதன் பொறுப்பும் இவருக்கு. அந்த நேரத்தில் ஓர் இளம் தாய் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார். தொங்கு தராசில் பிள்ளையை மாட்டி எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "என்னம்மா, போன மாசமும் இதே எடைதானே" என்கிறார் டீச்சர். "ஊட்டுனா துப்பிடுது டீச்சர், நான் என்ன பண்ணட்டும்" என்கிறார் தாய். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், போன் அடிக்கிறது, அலுவலகத்திலிருந்து ஏதோ விவரம் உடனே வேண்டுமாம். பாக்கெட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை ஒரு சத்தமும் போடவில்லை. நான் விரலை நீட்டியதும் பிடித்துக்கொண்டது, ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை என்று தாய் சொன்னார். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது ஒரு மணி நேரம், டீச்சரிடம் அப்போது இரண்டு நிமிடம்கூட இல்லை.

அந்தக் கூடுதல் ஆள் என்ன செய்வார் என்று ஊகிக்கத் தேவையில்லை, தமிழ்நாட்டிலேயே சோதித்தாயிற்று. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் இங்கே 320 அங்கன்வாடிகளில், உங்கள் துறையின் ஒத்துழைப்போடுதான், குலுக்கல் முறையில் சில மையங்களுக்கு மட்டும் அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் அந்த மையங்களின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்தினார்கள். புதிதாக வந்தவர் பார்த்துக்கொண்டது பாடத்தை மட்டுமே, ஆனாலும் குள்ளத்தன்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன, காரணம் பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் நேரம் கிடைத்ததுதான். செலவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பலன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் நடந்த சோதனை இது. உலகத்துப் பொருளாதார வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள், நாம் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகவில்லை.

நான் கேட்பது இந்த இரண்டு ஆராய்ச்சியையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான். நான் பார்த்தவரை ஒரு மையத்தின் எல்லைக்குள் மூன்று வயது நிரம்பாதவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். எல்லார் வீட்டுக்கும் வாராவாரம் போவது முடியாத காரியம், ஒத்துக்கொள்கிறேன். நான்கில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியது என்றால் பத்துப் பேர் வருவார்கள். நாளுக்கு இரண்டு வீடு போனால் ஐந்து நாளில் பத்து வீடும் முடிந்துவிடும். மற்ற தாய்மார்களை வாரம் ஒரு நாள் மையத்திலேயே சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைக்கலாம், ஒடிசாவில் செய்த மாதிரி. என்ன சொல்லிக் கொடுப்பது என்று தேடவும் வேண்டாம். 2024இல் ஒன்றிய அரசே நவசேதனா என்ற பெயரில் பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கும் மாதவாரியாக என்ன விளையாட்டு என்று வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைச் செய்ய டீச்சருக்கு நேரம் எங்கே என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

நம் வீடுகளில் பாட்டி இல்லையா, தாலாட்டு இல்லையா, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊறவிட்டு விளையாட்டுக் காட்டாத வீடு உண்டா, இதற்கெல்லாம் ஓர் ஆள் வரவேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உண்டுதான். ஆனால் பாட்டி நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா செங்கல் சூளையிலோ பனியன் கம்பெனி ஷிஃப்ட்டிலோ இருக்கிறார். வீட்டில் இருக்கிற நேரத்தில் தண்ணீர் பிடிக்கவேண்டும், சமைக்கவேண்டும், கடன் தவணைக்கு வருகிறவருக்குப் பதில் சொல்லவேண்டும். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தால் பேசாமல் இருக்கிறது. இதில் அம்மாவின் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. வறுமை முதலில் தின்பது நேரத்தை, அடுத்தது தெம்பை. கிங்ஸ்டன் தாய்மார்களும் இப்படித்தான் இருந்தார்கள். அதனால்தான் அந்தத் திட்டத்தில் அம்மாவைப் பாராட்டுவதை விதியாகவே வைத்தார்கள். நம் ஊரில் டீச்சர் வீட்டுக்கு வருகிறார் என்றாலே ஏதோ குற்றம் கண்டுபிடிக்க வருகிறார் என்று பயப்படுகிறார்கள், வீட்டைப் பெருக்கிவிட்டுப் பிள்ளைக்கு அவசரமாகச் சட்டை மாட்டுகிறார்கள். போகிறவர் பாயில் உட்கார்ந்து, "உம் பொண்ணு எப்படி அடுக்குறா பாரேன், நீதானே சொல்லிக் குடுத்த?" என்று கேட்கப் பழகவேண்டும். பயிற்சியில் பாதி இதற்கே போகட்டும்.

பணம் இல்லை என்பீர்கள். இருக்கிற இடங்களை நிரப்புவதே இழுபறியாக இருப்பதும் தெரியும். 2025இல் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு முடிவெடுத்தது, அதை வரவேற்கிறேன், ஆனால் அவை பழைய காலியிடங்கள், அவற்றை நிரப்பினால் பழைய நிலைமைக்குத்தான் வந்து சேருவோம். நான் கேட்பது அதற்கு மேல் ஒரு அரைப் பணியிடம். குறைந்த காசில் கொத்தடிமைபோல ஆள் எடுக்கவேண்டாம். பிளஸ் டூ முடித்து ஊரிலேயே இருக்கிற இளம் பெண்கள் ஏராளம், அரை நாள் வேலைக்கு மதிப்பான சம்பளம் கொடுத்தால் வருவார்கள், நிலைப்பார்கள். ஒரே வீச்சில் 54,000 மையத்திலும் செய்ய முடியாதென்றால், குள்ளத்தன்மை அதிகமுள்ள வட்டாரங்களில் தொடங்குங்கள். எந்த வட்டாரம் என்று உங்கள் எடைப் பதிவேடுகளே சொல்லும். மேற்பார்வையாளர்களுக்கு அறிக்கை வாங்குகிற வேலையைக் குறைத்து, மாதம் சில முறை டீச்சரோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்கிற வேலையைக் கொடுங்கள். கொலம்பியாவில் கரைந்ததுபோல இங்கேயும் கரையாமல் இருக்க எனக்குத் தெரிந்து இதைவிட வேறு வழியில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது செலவு குறைவானது, ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது. அந்த 320 மையங்களில் படித்த பிள்ளைகள் இப்போது நடுநிலைப் பள்ளியைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். அரை நேரப் பணியாளர் இருந்த மையத்துப் பிள்ளைக்கும் இல்லாத மையத்துப் பிள்ளைக்கும் இன்று வாசிப்பில் வித்தியாசம் உண்டா, யார் பள்ளியை விட்டு நின்றார்கள், யார் நிற்கவில்லை? கிங்ஸ்டன் ஆய்வாளர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் நாடு நாடாகத் தேடவேண்டியிருந்தது. நம்மிடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டு எண், இருக்கிறது. பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் கேட்டு, பள்ளிக் கல்வித் துறையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். புதிய திட்டத்தில் சேரும் கைக்குழந்தைகளுக்கும் முதல் நாளிலிருந்தே இப்படி ஒரு தொடர் பதிவேடு வைக்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் குழந்தை வளர்ச்சியும் பொருளாதாரமும் புள்ளியியலும் படித்த இளம் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு நிதி கொடுத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற வழக்கத்தை மாற்றி, இருபது ஆண்டுக்கு உறுதியான சின்ன நிதி ஒன்றைக் கொடுங்கள். ஒரே பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்து வேலைக்குப் போகும் வரை பின்தொடர விரும்பும் ஒரு பெண்ணோ ஆணோ இங்கே கட்டாயம் கிடைப்பார்கள். என் மாணவிகளிலேயே இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது வேறு வேலை பார்க்கிறார்கள், ஏனென்றால் இந்த வேலைக்கு இங்கே சம்பளம் இல்லை.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் எந்த வட்டாரங்களில் தொடங்குவீர்கள், எத்தனை மையங்களில், யார் பொறுப்பில் என்று பொதுவில் சொல்லுங்கள். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைப்போல ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியைகள் மாவட்டத்துக்கு ஒருவராவது இருப்போம், கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்திய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை